கூலர் ஓடுகிறது, அறை குளிரவில்லை: வன்னி வீடுகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

பழுது என்று சொல்லிக் கழற்றப்படும் கூலர்கள் பலவற்றில் பழுது எதுவும் இராது. யன்னல் பூட்டியிருக்கும், தண்ணீர்த் துளைகளில் கல் பிடித்திருக்கும், இல்லாவிட்டால் அன்றைய காற்றே ஈரமாக இருக்கும். இந்த மூன்றையும் பார்க்கக் காசு தேவையில்லை. அதனால் கீழே ஒவ்வொரு குறிக்கும் செலவில்லாத காரணம் முதலிலும் செலவானது கடைசியிலும் வருகிறது. உங்கள் கூலர் காட்டும் குறி எதுவோ, நேராக அந்தத் தலைப்புக்குப் போங்கள்.

இங்கே சொல்வது தண்ணீர் ஊற்றி ஓட்டும் எயார் கூலரைப் பற்றி: ஒரு தொட்டி, ஒரு சின்னப் பம்ப், பின்பக்கம் தேன்கூடு மாதிரியான அட்டை (அல்லது மரச்சீவல், தும்பு), ஒரு ஃபான். அவ்வளவுதான். இதற்குள் காஸ் கிடையாது. ‘காஸ் குறைந்துவிட்டது, அடிக்க வேண்டும்’ என்று யாராவது சொன்னால் அவர் கையில் கூலரைக் கொடுக்காதீர்கள்.

எதைத் திறப்பதென்றாலும் முதலில் பிளக்கைக் கழற்றிக் கண்ணுக்கு முன்னால் போடுங்கள். சுவிச்சை நிறுத்தினால் போதாது. பழைய வயரிங் உள்ள வீடுகளில் சுவிச் நியூற்றல் வயரில் மாட்டப்பட்டிருந்தால், நிறுத்திய பிறகும் உள்ளே கறண்ட் நிற்கும்.

## குறி 1: காற்று வருகிறது, குளிர் வரவில்லை

### முதலில் அன்றைய காற்றைப் பாருங்கள்

தண்ணீர் ஆவியாகும்போதுதான் காற்று குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிரம்பியிருந்தால் எந்தக் கூலராலும் முடியாது. சித்திரைப் புழுக்கத்தில் வியர்வை காயாத நாளில் கூலரும் காயாது. வைகாசி முதல் ஆவணி வரை சோளகம் வீசும் பகல்களில் அதே கூலர் நன்றாக வேலை செய்யும். ஐப்பசி தொடங்கி மாரி முடியும்வரை அதை மூடி வைப்பதே நல்லது.

சந்தேகமாக இருந்தால் அளந்து பாருங்கள். அறை வெப்பநிலை பார்க்கும் கண்ணாடி வெப்பமானி ஒன்று வேண்டும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி சரிவராது. அது 35 பாகைக்குக் கீழே காட்டாது. கூலர் வைக்கும் யன்னலுக்கு வெளியே, நிழலில், பத்து நிமிடம் தொங்கவிட்டு வாசியுங்கள். பிறகு அதன் குமிழில் பருத்தித் துணித் துண்டொன்றைச் சுற்றி, நனைத்து, மேசை ஃபானுக்கு முன்னால் ஐந்து நிமிடம் பிடித்து மறுபடி வாசியுங்கள்.

வித்தியாசம் 6 பாகை அல்லது அதற்கு மேல் என்றால் நாள் நல்ல நாள். குளிராவிட்டால் குற்றம் கூலரில். 3 பாகைக்குக் கீழ் என்றால் கூலர் அன்றைக்கு வெறும் ஃபான்தான். பம்பை நிறுத்திவிட்டு ஃபானை மட்டும் ஓட்டுங்கள். வீட்டுக் கூலரின் அட்டை இந்த வித்தியாசத்தில் கிட்டத்தட்ட முக்கால் பங்கைத்தான் பிடிக்கும். வெளியே 34 பாகை, ஈரப்பதன் 50 வீதம் என்றால் நனைத்த வெப்பமானி 26 பாகைக்குக் கொஞ்சம் கீழே நிற்கும். கூலரிலிருந்து வரும் காற்று 28 பாகை அளவில் இருக்கும். 30 பாகையும் 80 வீதமும் ஆனால் குறைவது 2 பாகைதான்.

பகல் பதினொன்றிலிருந்து நாலு மணி வரைதான் இதன் நல்ல நேரம். இரவில் ஈரம் ஏறும். கரையோரத்தில் கடற்காற்று திரும்பியவுடனேயே ஏறிவிடும். மாங்குளம், ஒட்டுசுட்டான் மாதிரி உட்பக்கத்து வீடுகளுக்கு இதில் கொஞ்சம் அதிர்ஷ்டம் உண்டு.

### பிறகு யன்னல்

ஏசி பழக்கத்தில் கதவு யன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிட்டுக் கூலரைப் போடுவதுதான் மிகப் பெரிய பிழை. அரை மணித்தியாலத்தில் அறைக்காற்று ஈரத்தால் நிரம்பி, கூலர் அதே ஈரக்காற்றைத் திரும்பத் திரும்ப இழுக்கும். உடம்பு பிசுபிசுக்கும்.

கூலரின் முதுகு வெளிக்காற்றைப் பார்க்க வேண்டும்: யன்னலோடு ஒட்டி, அல்லது வாசலில். எதிர்ச்சுவரில் ஒரு யன்னல் இறக்கையைத் திறவுங்கள். எவ்வளவு திறப்பது என்பதை ஒரு நூல் சொல்லிவிடும். ஒரு முழ நூலை அந்த யன்னலின் மேல் சட்டத்தில் ஒட்டித் தொங்கவிடுங்கள். கூலர் ஓடும்போது நூல் வெளிப்பக்கம் சாய்ந்து நிற்க வேண்டும். நேராகத் தொங்கினால் இன்னும் திறக்க வேண்டும். உட்பக்கம் சாய்ந்தால் அந்த யன்னலால் வெளிச்சூடு உள்ளே வருகிறது. அதை மூடிவிட்டு வேறு பக்கத்து யன்னலைத் திறவுங்கள். சோளக நாட்களில் கூலரைத் தென்மேற்கு யன்னலில் வைத்து, வடகிழக்கு யன்னலைத் திறந்தால் காற்றே பாதி வேலையைச் செய்துவிடும்.

யன்னலிலோ வாசலிலோ வைக்க முடியாமல் சுவருக்கு முன்னால் வைத்தால், முதுகுக்கும் சுவருக்கும் இடையில் ஒன்றரை அடியாவது விடுங்கள். வெளியே அடுப்படிப் புகையோ, வயலில் மருந்தடிக்கும் மணமோ இருந்தால் கூலர் அதையும் சேர்த்தே இழுக்கும். மருந்தடிக்கும் நேரத்தில் நிறுத்திவிடுங்கள்.

### அட்டையைத் தொட்டுப் பாருங்கள்

பத்து நிமிடம் ஓடவிட்டு, பிளக்கைக் கழற்றி, பின்கதவைத் திறந்து, அட்டையை மேலிருந்து கீழாக உள்ளங்கையால் தடவுங்கள். எங்கும் ஒரே ஈரம் இருக்க வேண்டும். ஒரு விரற்கடை அகலத்துக்குக் காய்ந்த கோடு தெரிந்தாலும், சூடான காற்று அந்த வழியால் நேராக உள்ளே வந்துவிடும். காய்ந்த கோடு என்றால் குறி 2-க்குப் போங்கள்.

அட்டை சரிந்து மேலே இடைவெளி விட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய அட்டை தன் பாரத்தில் கீழே அமர்ந்துவிடும். இடைவெளியைத் தும்பால் அடைத்துச் சமாளிக்கலாம். அட்டையை விரலால் அழுத்தும்போது பொடியாக உதிர்ந்தால் மாற்றத்தான் வேண்டும். நீளம், உயரம், தடிப்பு மூன்றையும் மில்லிமீற்றரில் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். ‘கொஞ்சம் தடிப்பானது நல்லது’ என்று திணிக்க வேண்டாம்; காற்று குறையும்.

மரச்சீவல் போட்ட கூலருக்கு ஊர்த் தென்னந்தும்பே போதும். ஒரு நாள் ஊறவைத்து, தண்ணீரை இரண்டு மூன்று தரம் மாற்றுங்கள். காவி நிறச் சாறு போகாவிட்டால் தொட்டியும் சுவரும் கறைபடும். ஒன்றரை அங்குலத் தடிப்பில், ஓட்டை விழாமல் பரப்புங்கள்.

### எல்லாம் சரி, இன்னும் அறை சூடு

மேலே பாருங்கள். தகரக் கூரைக்குக் கீழே சீலிங் இல்லாவிட்டால், கூரை மேலிருந்து வீசும் அனலைக் கூலர் வெல்லாது. கூரைக்கு மேல் கிடுகு பரப்புவது புதிய கூலர் வாங்குவதைவிட மலிவு. அதுவரை அறையைக் குளிராக்கப் பார்க்காமல், காற்று நேரே ஆள் மீது படும்படி கட்டிலுக்கு ஆறேழு அடி தூரத்தில் வையுங்கள்.

ஐஸ் போடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது எடுக்கும் வெப்பத்தைப்போல ஏழு மடங்கை ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாகும்போது எடுக்கிறது. ஐஸுக்குக் கொடுக்கும் காசு வீண். கூரைத் தாங்கியிலிருந்து வரும் தண்ணீர் சுடுகிறதே என்ற கவலையும் வேண்டாம். ஓடத் தொடங்கி அரை மணித்தியாலத்துக்குள் அது தானாகவே குளிர்ந்துவிடும்.

## குறி 2: அட்டை நனையவில்லை, அல்லது பாதிதான் நனைகிறது

எந்த வகை என்பதைத் தெரிந்துகொள்ள ஃபானை நிறுத்தி, பம்பை மட்டும் போட்டு, காதைத் தொட்டிப் பக்கம் வையுங்கள்.

### ஒரு பக்கம் நனைகிறது, மறுபக்கம் காய்கிறது

கூலர் சரிந்து நிற்கிறது, அல்லது மேல்தட்டின் துளைகள் அடைபட்டிருக்கின்றன. சீமெந்துத் தரை சில வீடுகளில் வாசலை நோக்கிச் சரிந்திருக்கும். தண்ணீரும் அந்தப் பக்கமே போகும். ஒரு கோப்பையில் விளிம்புவரை தண்ணீர் விட்டுக் கூலருக்கு மேல் வைத்தால் சரிவு தெரிந்துவிடும். தாழ்ந்த பக்கம் ஒரு மட்டைத் துண்டை வையுங்கள்.

சமமாக இருந்தால் மேல்தட்டைக் கழற்றுங்கள். அட்டைக்கு மேலே நீளமான பள்ளமும் அதில் வரிசையாகச் சிறு துளைகளும் இருக்கும். ஒவ்வொரு துளையின் வாயிலும் வெள்ளை வளையம் மாதிரிக் கல் பிடித்திருக்கும், நடுவில் பாசி. கம்பி, குண்டூசி வேண்டாம். துளை பெரிதாகிவிட்டால் அந்த இடத்தில் மட்டும் ஊற்றி, மற்றத் துளைகளுக்குத் தண்ணீர் போகாது. விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை முறித்து, நுனியை வினாகிரியில் தோய்த்து, ஒவ்வொரு துளையிலும் விட்டுச் சுழற்றுங்கள். கல் மசியாவிட்டால் துணியை வினாகிரியில் நனைத்துப் பள்ளத்தில் அரை மணித்தியாலம் போட்டுவைத்துப் பிறகு முயலுங்கள். முடிந்ததும் ஒரு சுண்டு தண்ணீரைப் பள்ளத்தில் ஊற்றுங்கள்: எல்லாத் துளையிலும் ஒரே நேரத்தில் சொட்ட வேண்டும்.

### பம்ப் உறுமுகிறது, தண்ணீர் ஏறவில்லை

முதலில் தண்ணீர் மட்டம். பம்பின் வாய் முழுதாக மூழ்கியிருக்க வேண்டும். அடுத்தது ரியூப்: மடிந்திருக்கிறதா, பம்பிலிருந்து கழன்றிருக்கிறதா? இரண்டும் சரி என்றால் பம்பை வெளியே எடுங்கள். அடிப்பக்க மூடி கையால் இழுத்தாலே வரும். உள்ளே சின்ன இறக்கைச் சக்கரம். அதன் காம்பு ஒரு காந்தம். அதைப் பிடித்து இழுத்தால் கழன்று வரும். காம்பிலும் அது இருந்த குழியிலும் தலைமயிர், பாசி, வெள்ளைக் கல் மூன்றும் சேர்ந்து கிடப்பது வழக்கம். பழைய பற்தூரிகையால் தேய்த்து, வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஒரு மணித்தியாலம் ஊறப்போட்டு, கழுவிப் பூட்டுங்கள். சக்கரத்தை விரலால் சுண்டினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும். திரும்பப் போடும்போது பம்பைத் தண்ணீருக்குள் சரித்து, உள்ளே இருக்கும் காற்றைக் குமிழியாக வெளியே விட்டுவிட்டு நிமிர்த்துங்கள். காற்று நின்றாலும் பம்ப் உறுமிக்கொண்டே நிற்கும்.

### பம்பில் சத்தமே இல்லை

பம்புக்கான பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறதா என்பதை வெட்கப்படாமல் பாருங்கள். சில கூலர்களில் மிதவை ஒன்று இருக்கும். தண்ணீர் குறைந்தால் பம்பை நிறுத்திவிடும். மிதவை கல்லில் ஒட்டிக் கீழேயே நின்றுவிட்டால் தொட்டி நிறைந்திருந்தாலும் ஓடாது. விரலால் தூக்கிவிடுங்கள்.

அதுவும் இல்லையென்றால் வயர். மாரியில் ஒதுக்கி வைத்த கூலரில் எலி கடித்திருக்கும். வயர் சரியாக இருந்தால், பிளக்கைக் கழற்றிய நிலையில் பம்பின் இரண்டு வயர் நுனிகளையும் மல்ரிமீற்றரில் ஓம் அளவில் பாருங்கள். ஏதாவது எண் வந்தால் சுருள் உயிரோடு இருக்கிறது. எதுவுமே காட்டாவிட்டால் எரிந்துவிட்டது. இந்தப் பம்பைத் திருத்த யாரும் முயல்வதில்லை, புதிதுதான். பழையதைக் கையில் கொண்டுபோய், அதன் மேல் எழுதியிருக்கும் வாற்றும், தண்ணீர் ஏறும் உயரமும், ரியூப் வாயின் அகலமும் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். 18 வாற் அளவுள்ளது பரவலாகக் கிடைக்கும். வயரின் இணைப்பு தண்ணீர் மட்டத்துக்கு மேலே, மூடிய பெட்டிக்குள் வர வேண்டும். இன்சுலேஷன் ரேப்பைச் சுற்றித் தொட்டிக்குள் விடுவது உயிருக்கு ஆபத்து. இதில் கைப்பழக்கம் இல்லாதவர் இந்த இடத்தில் வயரிங் தெரிந்தவரைக் கூப்பிட வேண்டும்.

பம்ப் மறுபடி எரியாமலிருக்க ஒரே வழி, காய்ந்த தொட்டியில் ஓடவிடாமல் பார்ப்பதுதான். மணித்தியாலத்துக்கு 1000 கன மீற்றர் காற்றுத் தள்ளும் கூலர் 6 பாகை குறைத்தால் அந்த ஒரு மணித்தியாலத்தில் கிட்டத்தட்ட 3 லீற்றர் தண்ணீர் குடிக்கும். 6 லீற்றர்த் தொட்டியைப் போட்டுவிட்டு மத்தியானம் நித்திரைக்குப் போனால் எழும்பும்போது பம்ப் இராது.

## குறி 3: தண்ணீர்த் துளி அறைக்குள் தெறிக்கிறது, அல்லது அடியில் ஒழுகுகிறது

முன்பக்கம் துளி தெறித்தால் ஃபான் வேகத்தை ஒரு படி குறையுங்கள். நின்றால் அட்டை அடைபட்டிருக்கிறது. சுத்தம் செய்ய வேண்டும். அண்மையில் அட்டையைக் கழற்றிப் பூட்டிய பிறகு தொடங்கியதென்றால் திருப்பிப் போட்டிருப்பீர்கள். அட்டையை விளிம்பில் பாருங்கள்: அலைகள் இரண்டு வெவ்வேறு சரிவில் போகும். செங்குத்தான சரிவு, காற்று நுழையும் வெளிப்பக்கத்தை நோக்கிக் கீழே இறங்க வேண்டும். இரண்டும் ஒரே சரிவு என்றால் எப்படிப் போட்டாலும் சரி.

அடியில் ஒழுகினால் வடிகால் மூடியையும் அதன் ரப்பர் வளையத்தையும் பாருங்கள். வளையம் வெடித்திருந்தால் அதை மாற்றினால் முடிந்தது. தொட்டியே வெடித்திருந்தால் வெளியே வெயிலில் நின்றதன் பலன். காயவைத்து, உட்பக்கமாகப் பிளாஸ்ரிக் ஒட்டும் பசையோ சிலிக்கனோ பூசி ஒரு முழு நாள் விடுங்கள். வெடிப்பு ஒரு சாணுக்கு மேல் என்றால் ஒட்டுவது நிற்காது.

## குறி 4: மணக்கிறது

புதிய அட்டை முதல் சில நாள் ஈரக் கடதாசி மாதிரி மணக்கும், அது பழுதில்லை. சேற்று மணம், மீன் மணம் என்றால் தண்ணீர் பழசு. தொட்டியை வெறுமையாக்கித் தேய்த்துக் கழுவுங்கள். வாய்க்கால், குளத்துத் தண்ணீர் விடுபவர்கள் வெள்ளைத் துணியில் வடித்து ஊற்ற வேண்டும். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் இரணைமடு வாய்க்கால் தண்ணீரிலும் பாசி இருக்கும்.

கழுவியும் போகாவிட்டால் அட்டையைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, 10 லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி துணி வெளுக்கும் குளோரின் திரவம் விட்டுத் தொட்டியைக் கால் மணித்தியாலம் ஊறவையுங்கள். இரண்டு தரம் அலசுங்கள். அட்டையில் குளோரின் படக்கூடாது, கடதாசி இற்றுவிடும். குளோரினும் வினாகிரியும் ஒருபோதும் சேரக்கூடாது, நச்சு வாயு வரும். இன்று ஒன்று, நாளை மற்றது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மணம் திரும்ப வராமலிருக்க, நிறுத்துவதற்கு 20 நிமிடம் முன்பு பம்பை நிறுத்தி ஃபானை மட்டும் ஓடவிட்டு அட்டையைக் காயவிடுங்கள்.

## குறி 5: அட்டையிலும் தொட்டியிலும் வெள்ளைக் கல்

வவுனியா, முருங்கன், பூநகரிப் பக்கங்களில் கேத்தலின் அடியில் படிவது எதுவோ அதுதான் இது. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும். உப்பு தொட்டியிலேயே நிற்கும். 10 லீற்றர் விட்டு 8 லீற்றர் ஆவியானால், மிச்சமுள்ள 2 லீற்றரில் உப்பு ஐந்து மடங்கு. அதன் மேலேயே மறுபடி 8 லீற்றர் ஊற்றினால் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும். ஆகவே மிச்சத் தண்ணீரை ஒவ்வொரு பின்னேரமும் வெளியே விடுங்கள். தண்ணீர்த் தட்டுப்பாட்டில் பவுசருக்குக் காத்திருக்கும் வீடுகளில் இது வயிற்றெரிச்சல்தான். தென்னைக்கு ஊற்றினால் வீணாகாது. மரக்கறிப் பாத்திக்கு வேண்டாம்.

மாரியில் பிடித்த மழைநீர் இருந்தால் கூலருக்கு அதைவிட நல்லதில்லை. ஆர்.ஓ. (உப்பு வடித்தெடுத்த குடிநீர்) தண்ணீரைக் காசு கொடுத்து ஊற்றத் தேவையில்லை. ஆர்.ஓ. நிலையத்தில் கழிவாக வெளியே விடும் தண்ணீரை இலவசம் என்று கொண்டுவந்து ஊற்றாதீர்கள். வடித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

பிடித்த கல்லை எடுக்க: தொட்டியில் 10 லீற்றர் தண்ணீருக்கு ஒரு லீற்றர் வினாகிரி விட்டு, ஃபானை நிறுத்தி, பம்பை மட்டும் ஒரு மணித்தியாலம் ஓட்டுங்கள். வெளியே விட்டு, நல்ல தண்ணீரால் இரண்டு தரம் ஓட்டிக் கழுவுங்கள். மாதம் ஒருமுறை செய்தால் கல் இறுகாது. அட்டையைத் தடிப்பாக மூடிவிட்ட கல்லைச் சுரண்டினால் அட்டைதான் கிழியும். அதற்கு மருந்து புதிய அட்டை.

சிறுபோக அறுவடைக் காலத்தில் வைக்கோல் தூசும் செம்மண் புழுதியும் கல்லோடு சேர்ந்து களிமாதிரி ஒட்டும். அந்த வாரங்களில் இரண்டு நாளுக்கொருமுறை அட்டையின் வெளிப்பக்கத்தைக் காய்ந்த நிலையில் மென்மையான தூரிகையால் மேலிருந்து கீழே தட்டிவிடுங்கள்.

## குறி 6: ஃபான் சுற்றவில்லை, மெதுவாகச் சுற்றுகிறது, சத்தம் போடுகிறது

பின்னேரம் ஆறு ஏழு மணிக்கு மட்டும் மெதுவாகிறது, லைற்றும் மங்குகிறது என்றால் வோல்ற் இறக்கம். 230 வோல்ற்றுக்கு 6 வீதம் கூடக் குறையத்தான் அனுமதி. அதாவது 216-க்குக் கீழே போகக்கூடாது. பிளக் பொயின்றில் மல்ரிமீற்றரால் அளந்து, நேரத்தோடு எழுதி வைத்து, உங்கள் பகுதி மின்விநியோகப் பணிமனையில் முறையிடுங்கள். உங்கள் தண்ணீர் மோட்டர் ஓடும்போது மட்டும் இறங்கினால் குறை வீட்டு வயரிங்கில். சோலார் இன்வேட்டரில் ஓட்டும்போது மட்டும் ஃபான் உறுமிச் சூடானால் மோட்டரில் பழுதில்லை. அந்த இன்வேட்டர் தரும் மின் அலை மோட்டருக்கு ஒத்துவராத வகை.

எந்த நேரமும் மெதுவாக இருந்தால், பிளக்கைக் கழற்றி இதழைக் கையால் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் அச்சுக்குத் தையல் மெசின் எண்ணெய் இரண்டு மூன்று துளி. தேங்காய் எண்ணெய் விட்டால் நாளடைவில் பிசினாகி இன்னும் இறுகும். எண்ணெய் விட்டும் கரகரத்தால், அல்லது அச்சை மேலும் கீழும் ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால், பெயாரிங் முடிந்தது. மோட்டர் திருத்துபவரிடம் போக வேண்டும்.

கையால் இலேசாகச் சுற்றுகிறது, கறண்ட் கொடுத்தால் உறுமிக்கொண்டு நிற்கிறது என்றால் பெரும்பாலும் கப்பாசிற்றர். சீலிங் ஃபானுக்குப் போடுவது மாதிரியான சின்னக் கறுப்புப் பெட்டிதான். அதன் மேல் எழுதியிருக்கும் மைக்ரோ ஃபரட் எண்ணும் (2.5, 4 என்று வரும்) புதியதன் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும், வோல்ற் 440 அல்லது கூடியதாக இருக்கலாம். பெரிய எண் போட்டால் வேகம் கூடும் என்று நினைத்து மோட்டரை எரித்தவர்கள் உண்டு. பிளக்கைக் கழற்றினாலும் கப்பாசிற்றரில் கறண்ட் தங்கியிருக்கும்: வயர்களைத் தொடுவதற்கு முன் பழைய இழைக் குமிழ் பல்ப் ஒன்றின் இரு முனைகளையும் அதன் இரு முனைகளில் தொடுத்து இறக்கிவிடுங்கள். கப்பாசிற்றர் மாற்றியும் சுற்றாவிட்டால், அல்லது எரிந்த மணம் வந்தால், சுருள் கட்ட வேண்டும். சின்னப் பிளாஸ்ரிக் கூலருக்குச் சுருள் கட்டும் கூலியைப் புதிய மோட்டரின் விலையோடு ஒப்பிட்டுக் கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள்.

## குறி 7: தொட்டால் கறண்ட் அடிக்கிறது, அல்லது ட்ரிப் சுவிச் விழுகிறது

மெல்ல ‘சுரீர்’ என்றாலும், கீழே சொல்லும் சோதனைக்குத் தவிர, அன்றைக்கு அதை ஓட்ட வேண்டாம். ஈரத் தரை, வெறுங்கால், பக்கத்தில் பிள்ளைகள்.

மூன்று பின் பிளக்கை வெட்டி இரண்டு வயராக்கியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். எர்த் இல்லாமல் கூலர் ஓட்டவே கூடாது. அடுத்து, பம்பின் இணைப்பை மட்டும் கழற்றி நுனிகளைத் தனித்தனியே மூடிவிட்டு, ஃபானை ஓட்டுங்கள். ட்ரிப் விழவில்லை என்றால் பம்பில் கசிவு, புதிது போடுங்கள். அப்போதும் விழுந்தால் மோட்டரோ வயரோ; அதோடு உங்கள் வேலை முடிந்தது, மின் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

ட்ரிப் சுவிச்சே இல்லாத வீட்டில் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் பூட்டாமல் கூலர் பயன்படுத்த வேண்டாம். இருக்கும் வீட்டில் அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழாவிட்டால் அது பழுது. கடுங்கோடையில் நிலம் காய்ந்து எர்த் கம்பி வேலை செய்யாமல் போவதும் உண்டு. அதை அளந்து பார்க்கக் கருவி வேண்டும், அதுவும் மின்னாளர் வேலை.

## குறி 8: அறை ஈரமாகிறது, மூட்டையில் பூஞ்சணம்

எதிர் யன்னல் திறந்திருந்தால் படுக்கை ஈரமாகாது. ஆனால் வீட்டுக்குள் நெல், உளுந்து, கச்சான் மூட்டை அடுக்கியிருக்கும் அறையில் கூலரே வேண்டாம். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் காய்ந்த கச்சான் (நிலக்கடலை) கூலர்க் காற்றில் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்த கச்சான் உணவுக்கு ஆகாது. விதைநெல்லுக்கும் இதே கதைதான். முட்டு வருத்தம் உள்ளவர் படுக்கும் அறையில் மணம் பிடித்த அட்டையை ஒரு நாளும் ஓட்டாதீர்கள்.

## குறி 9: தொட்டியில் புழு நெளிகிறது

நுளம்புக் குடம்பி. தண்ணீரை வெயில் படும் காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள், கானுக்குள் அல்ல. ஊற்றினால் மட்டும் போதாது: டெங்கு நுளம்பின் முட்டை தண்ணீர் விளிம்பை ஒட்டிச் சுவரில் இருக்கும், மாதக்கணக்கில் காய்ந்தும் உயிரோடு கிடக்கும். அந்த விளிம்பைத் தும்புத்தடியால் அழுத்தித் தேய்க்க வேண்டும். வாரம் ஒருமுறை இதைச் செய்தால் குடம்பி நுளம்பாக நேரம் இராது. 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டப்படி, வீட்டில் குடம்பி கண்டால் சுகாதாரப் பரிசோதகர் வழக்குப் போடலாம்.

## குறி 10: போன கோடையில் ஓடியது, இந்தக் கோடையில் எடுத்தால் ஓடவில்லை

உடனே பிளக்கைச் சொருகாதீர்கள். பின்கதவைத் திறந்து, குளவி மண்கூடு கட்டியிருக்கிறதா (ரியூப் வாயிலும் மோட்டரின் காற்றுத் துளையிலும்), எலி கடித்திருக்கிறதா, பம்புச் சக்கரம் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மூன்றையும் சரிசெய்து, கூலரை அரை நாள் வெயிலில் காயவைத்த பிறகு முதலில் ஃபான், பிறகு பம்ப் என்று தனித்தனியாக ஓட்டுங்கள்.

மாரிக்கு ஒதுக்கும்போது தொட்டியைக் கழுவிக் காயவைத்து, பம்பை வெளியே எடுத்துச் சக்கரத்தைத் துடைத்துத் தனியே பொதியில் வைத்து, ரியூப் வாயைத் துணியால் அடைத்து, கூலர் முழுவதையும் பழைய பெட்ஷீற்றால் மூடுங்கள். பொலித்தீனால் மூடினால் உள்ளே ஈரம் தங்கி மோட்டர் துருப்பிடிக்கும்.